நாலு ஊரு, பதினோரு நாளு

பொட்டியை மேல வையுங்க தம்பி, காலுக்கு எடம் வேணுமில்ல. ஏர்போர்ட்டுங்களா? நானும் அங்கதான். சித்ரா ஸ்டாப்புல எறங்கோணும். ஒன்னேகால் மணி நேரம் புடிக்கும். இந்த வண்டி ரெண்டு நிமிசம் லேட்டா எடுத்திருக்கறான், அதை அவிநாசிக்குள்ள புடிச்சிருவான். எப்படித் தெரியும்னு பாக்காதீங்க. திருப்பூர் பஸ் ஸ்டாண்டுல முப்பத்தியொரு வருசம் டைம் கீப்பரா இருந்தவன் நானு. நாச்சிமுத்துன்னா பழைய டிரைவருங்க எல்லாத்துக்கும் தெரியும். வண்டி வந்தா நேரத்தை எழுதோணும், நேரமானா விசிலடிச்சு அனுப்போணும். எத்தனை லச்சம் வண்டியை அனுப்பியிருப்பேன். நான் ஏறிப் போனது கம்மி. பஸ்ஸை அனுப்பறவன் பஸ்ஸுல போயிட்டா அப்புறம் யாரு அனுப்பறது?

பயணமெல்லாம் இல்லீங்க. எங்க ஊட்ல, சம்சாரந்தான், வாராங்க, வெளிநாட்டுல இருந்து. ஆஸ்திரியான்னு ஒரு நாடு. கூடப் போன பிலோமினாவோட பையன் கார் எடுத்துக்கிட்டுப் போறான். "அங்கிள், நீங்க அலைய வேண்டாம், நானே ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்தர்றேன்"ன்னான். நல்ல பையன். எனக்குத்தான் ஊட்ல ஒக்கார முடியலை.

கேக்கறீங்கன்னு சொல்றேன். கேக்கலைன்னாலும் அவிநாசி வரைக்கும் என்ன பண்றது.

எங்க ஊட்ல பேரு வசந்தாமணி. பனியன் கம்பெனில செக்கிங் வேலை. தைச்சு வர்ற பீஸை மேசை மேல விரிச்சு, ஓட்டை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாத்து, தொங்கற பிசிறு நூலை வெட்டி விடோணும். இருபத்தெட்டு வருசம். எல்லாம் குளுரு நாட்டுக்குப் போற சரக்கு. சித்திரை வெயில்ல, தகரக் கூரைக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு, கொழந்தைங்க போடற தொப்பி வெச்ச தடிச் சட்டையாப் பாத்துத் தள்ளுவா. தொட்டாலே வேர்க்கும். அப்பெல்லாம் ஊட்டுக்கு வந்து சொல்லுவா, "இதைப் போட்டுக்கிட்டு ஒரு கொழந்தை பனியில நடந்து போறதை ஒரு நாளைக்குப் பாக்கோணுமுங்க." அவ்வளவுதான் அவ ஆசை. நகை கேக்கலை, பட்டு கேக்கலை. எனக்குச் சிரிப்பா இருந்துச்சு. ஆனாச் சரின்னுட்டேன். ரெண்டு பேரும் ஒரே வருசத்துல வேலையை விட்டு நின்னோம். அது ஆச்சு மூணு குளுரு.

ஒரு கொழந்தையைப் பாத்தாப் போதும்கறா. நான் சொன்னேன், அவ்வளவு தூரம் போயி ஒரே ஊரைப் பாத்துட்டு வர்றது டீசல் தண்டம். போறது போறோம், நாலு ஊரு பாத்தரலாம். வியன்னா, பிராக், புடாபெஸ்ட், சால்ஸ்பர்க். பதினோரு நாளு. டூர் கம்பெனிக்காரங்க கேக்கற காசுக்கு ஊட்டு மேல இன்னொரு மாடி எடுக்கலாம். அதனால நாமளே போட்டுக்கலாம்னேன். கிறிஸ்துமஸ் வாரத்துக்கு முன்னாலயே போயிட்டா டிக்கெட்டு சல்லிசு. அடுப்பு வெச்ச ரூமாப் பாத்துட்டா ரசம் வெச்சுக்கலாம். மூணு பேராப் போனா ரூம் வாடகை ஆளுக்கு இன்னும் கொறையும். அதுக்குத்தான் பிலோமினாவைச் சேத்தேன். இவளுக்குப் பக்கத்து மேசை, அதே இருபத்தெட்டு வருசம், புருசன் இல்லை. வாடகைக்காகத்தான் சேத்தேன், வேற ஒண்ணுமில்லை.

டூட்டி சீட்டு மாதிரி கட்டம் போட்டு எழுதினேன் தம்பி. எந்த ரயிலு, எந்த பிளாட்பாரம், எந்தப் பக்கம் ஒக்காந்தா வெயில் அடிக்காது, எல்லாம். மார்கழில அங்க வெயிலே அடிக்காதுன்னு பொறவு தெரிஞ்சுது, அந்தக் கட்டத்தை அடிச்சுட்டேன். பனி பாக்கறதுக்கு நாப்பது நிமிசம் ஒதுக்கியிருந்தேன். சால்ஸ்பர்க்ல, ஏழாம் நாளு, ரெண்டு இருபதுல இருந்து மூணு மணி வரைக்கும். வசந்தாமணி படிச்சுப் பாத்துட்டு, "அந்நேரத்துக்குப் பனி பேயலைன்னா?"ன்னா. மறுநா காலைல பதினஞ்சு நிமிசம் சேத்து வெச்சிருக்கறேன், அடுத்த பக்கம் பாருன்னேன். எதையும் விடலை நானு.

மொதல் குளுருக்கு ஏன் போகலைன்னா, சூலம். எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை கெடையாதுங்க. ஆனா மூணு பேரு உசுரு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாச்சிமுத்து பாக்காம அனுப்பிட்டான்னு ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க. வெள்ளி ஞாயிறு மேக்க போகக்கூடாது. செவ்வாய் புதன் வடக்க ஆகாது. நம்ம ஊர்ல இருந்து அந்த நாடு வடமேக்கு. அப்ப ரெண்டு தெசைச் சூலமும் சேரும். மிச்சம் மூணு நாளுதான். சரி, கெளம்பிட்டோம்னே வெச்சுக்குங்க. வியன்னால இருந்து பிராக் வடமேக்கு. பிராக்ல இருந்து புடாபெஸ்ட் தென்கெழக்கு. அங்கிருந்து சால்ஸ்பர்க் நேர் மேக்க. ஒவ்வொண்ணுக்கும் நாளு பாக்கோணும். ராகு காலத்தை அந்த ஊர் சூரியனுக்குப் பாக்கோணும். அங்க பகலே எட்டு மணி நேரந்தான், அதனால ராகு காலமும் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுருது. அதுல நமக்கு அரை மணி லாபம். கட்டமெல்லாம் சரியா வந்து உக்காந்தப்ப பங்குனி பொறந்திருச்சு. பனியெல்லாம் கரைஞ்சு போச்சுன்னு செய்தில சொல்றான்.

"மேக்க சூலம்னா வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கெளம்புனாப் போதும்னு எங்கம்மா சொல்லும்"ன்னு அவ நடுவுல ஒரு நாள் சொன்னா. நான் சொன்னேன், அது அவிநாசி சந்தைக்குப் போறவங்களுக்கு. ஆகாசத்துல போறவங்களுக்கு ஒரு துண்டு வெல்லம் பத்துமா? அவ அடுப்படிக்குப் போயிட்டா. நானும் சரியாத்தான் சொல்லியிருக்கறேன்னு விட்டுட்டேன்.

ரெண்டாம் குளுருக்கு விசா வாங்க மெட்ராஸ் போனோம். நேரம் அவங்கதான் குடுக்கறாங்க. வெள்ளிக்கெழமை பத்தே முக்கா. நல்ல ராகு காலம். உள்ள போறவன் போகட்டும், நாம பன்னண்டு அஞ்சுக்குப் போலாம்னு எதுத்தாப்புல டீக்கடைல ஒக்கார வெச்சேன். பிலோமினா வேதக்காரி, அவளுக்கு ராகு காலம் கெடையாது. அவ உள்ள போயி வேலையை முடிச்சுட்டு வந்துட்டா. நாங்க பன்னண்டு அஞ்சுக்குப் போனா, உங்க நேரம் முடிஞ்சு போச்சு, மறுபடி பதிவு பண்ணிட்டு வாங்கன்னுட்டாங்க. மறுபடி நாளு கெடைச்சது தை கடைசி. பிலோமினாவுக்கு மட்டும் விசா வந்துச்சு. போயிட்டு வாயேன்னேன். "இவ இல்லாம நான் எங்கீங்க போறது"ன்னு அந்த விசாவை அப்படியே விட்டுட்டா. காசு தண்டம். வசந்தாமணி ஒரு வாரம் பேசலை. மெட்ராஸ் தண்ணி தொண்டையைக் கட்டியிருக்கும்னு கசாயம் வெச்சுக் குடுத்தேன். குடிச்சா.

அவிநாசி வந்திருச்சு பாருங்க. சொன்னனில்ல, ரெண்டு நிமிசத்தைப் புடிச்சுட்டான்.

இந்தக் குளுருக்குத்தான் வேலை நடந்துச்சு. விசா மூணு பேருக்கும் வந்துச்சு. டிக்கெட்டை வசந்தாமணியே பிலோமினா பையனை வெச்சுப் போட்டுட்டா. பாத்தா வெள்ளிக்கெழமை. என்னைக் கேக்கலை. மறந்திருப்பா, வயசாகுதில்ல. "வெள்ளிக்கெழமைதான் வெலை கம்மி. மாத்துனா ஆளுக்கு எட்டாயிரம் தண்டம்"ன்னா. சரி, விட்டுக் குடுத்துத்தான் குடும்பம் நடத்தோணும். நான் பரஸ்தானம் வெச்சரலாம்னு முடிவு பண்ணினேன்.

பரஸ்தானம் தெரியுங்களா? உங்க வயசுக்குத் தெரியாது. நல்ல நாளு பாத்து, நம்ம துணிமணியை ஒரு பையில கட்டி, போற தெசையில இன்னொருத்தரு ஊட்ல கொண்டு போயி வெச்சுட்டா, அன்னைக்கே நாம பயணம் கெளம்பிட்ட கணக்கு. அப்புறம் எந்த நாளு வேணாலும் போயி எடுத்துக்கிட்டுப் போய்க்கலாம். ஒரு வேட்டி துண்டு வெச்சாப் போதும். நான் மூணு பொட்டியையும் வெச்சேன். செய்யறதைத் திருந்தச் செய்யோணுமில்ல. கருமத்தம்பட்டில எங்கூட வேலை பாத்த கண்டக்டர் ஆறுச்சாமி ஊடு. மேக்க, போற வழி, மெயின் ரோட்டு மேலயே. வியாழக்கெழமை காலைல நல்ல நேரத்துல கொண்டு போயி உள் ரூம்ல அடுக்கிட்டு வந்தேன். மனசுக்கு நெம்ப நிம்மதியா இருந்துச்சு.

அந்த ரூம்ல ஆறுச்சாமியோட மாமனாரு படுத்திருந்தாரு. தொண்ணூத்தி ரெண்டு வயசு. நல்லாத்தான் இருந்தாரு, எந்த ஊருக்குன்னு கூடக் கேட்டாரு. வெள்ளிக்கெழமை விடியக்கால போயிட்டாரு.

குருவி ஒக்காரப் பனம்பழம் விழுந்த மாதிரிதான், நான் பொட்டி வெச்சதுக்கும் அவரு போனதுக்கும் சம்பந்தமில்லை. ஆறுச்சாமி சம்சாரம்தான் என்னை ஒரு மாதிரி பாத்துச்சு.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் பிலோமினா பையன் காருல மூணு பேரும் போயி எறங்கினோம். வாசல்ல பந்தலு, தப்பட்டை அடிக்கறாங்க. பொட்டிங்க உள் ரூம்லயே இருக்குது. மேல யாரோ வெத்தலைத் தட்டை வெச்சிருக்கறாங்க. நீங்களே ரோசனை பண்ணுங்க தம்பி. கணக்குப்படி எங்க பயணம் கெளம்புன எடம் அதுதான். கெளம்புன எடத்துல எழவு விழுந்திருச்சு. இதுக்கு மேல சகுனத் தடை ஒண்ணு உண்டா? நான் ஆம்பளைங்க ஒக்காந்திருந்த பக்கம் ஒரு சேரை இழுத்துப் போட்டு ஒக்காந்துட்டேன்.

வசந்தாமணி கிட்ட வந்து குனிஞ்சு, "ஏனுங்க, வாரீங்களா?"ன்னா. ஒரே ஒரு வாட்டிதான் கேட்டா. நான் எடுத்துச் சொன்னேன், இந்தப் பயணம் ஆகாது, ஊட்டுக்குப் போயி தலைக்கு ஊத்திக்கிட்டு, திங்கக்கெழமை ஏதாச்சும் டிக்கெட்டு மாத்த முடியுமான்னு பாக்கலாம், முடியலைன்னா அடுத்த குளுரு எங்க போயிருதுன்னேன். நின்னு முழுசாக் கேட்டுக்கிட்டா. அப்புறம் உள்ள போனா. பெரியவரு கால்மாட்டுல நின்னு கும்பிட்டா. பிலோமினா சிலுவை போட்டுக்கிட்டா. வெத்தலைத் தட்டை எடுத்து ஓரமா வெச்சுட்டு, ஆளுக்கு ஒரு பொட்டியைத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க.

என்னைத் தாண்டித்தான் போகோணும், வேற வழியில்லை. எஞ்சேரை ஒட்டித்தான் போனா. எழவு ஊட்ல "போயிட்டு வாரேன்"னு சொல்லக்கூடாதுங்க, உங்களுக்குத் தெரியுமில்ல? எந்திரிச்சுப் பேசாமப் போயிரோணும். எங்க ஊட்ல மொறையெல்லாம் நல்லாத் தெரிஞ்சவ. எங்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்கலை.

காரு கெளம்புனப்ப மூணு பத்து. நேரத்துக்குப் போயிருவாங்கன்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். போயிட்டாங்க.

மிச்சம் இருந்த ஒரு பொட்டியை நான் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல ஊட்டுக்கு வந்தேன். அதைப் பிரிக்கலை. உள்ள நாலு ஸ்வெட்டரு, உல்லன் சாக்ஸு எல்லாம் அவ அடுக்கி வெச்சது. எந்த மடிப்பு எதுன்னு எனக்குத் தெரியாது, கலைச்சுட்டா மறுபடி அடுக்கத் தெரியாது. அப்படியே கட்டிலுக்கு அந்தப் பக்கம், அவ படுக்கற எடத்துல வெச்சிருக்கறேன்.

அங்க போயும் அவங்க கட்டத்தைப் பாக்கலை தம்பி. மொத ரெண்டு நாளு வியன்னா. அப்புறம் நேரா சால்ஸ்பர்க். அங்கயே ஒக்காந்துட்டாங்க. பிராக் இல்லை, புடாபெஸ்ட் இல்லை. ரூமையெல்லாம் கேன்சல் பண்ணிட்டாங்க, நல்ல வேளை நான் காசு திரும்ப வர்ற ரூமாப் பாத்துப் போட்டிருந்தேன். போன் பண்ணி இன்னைக்கு எங்க போனீங்கன்னு கேட்டா, "எங்கயும் போகலைங்க, தெருவுல நின்னோம்"கறா. இதுக்கு எதுக்குங்க ஏழு கடல் தாண்டிப் போறது?

ஒரு நாளு வீடியோவுல கூப்பிட்டா. மூக்கு செவந்து போயி, தலைல தொப்பி. ஆளே வேற மாதிரி. "பனி பேயுதுங்க, பாருங்க"ன்னு போனைத் திருப்பிக் காமிச்சா. வெள்ளையாத் தெரிஞ்சுது. அங்க மணி என்னன்னு கேட்டேன். "தெரியலைங்க"ன்னா. முப்பத்தியாறு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்துனவ, மணி தெரியலைங்கறா. கையில வாட்ச் இல்லையான்னேன். "கட்டிருக்கறேன். பாக்கலை"ன்னா.

அப்புறம் அவளே சொன்னா. அந்தத் தெருக் கோடில ஒரு பள்ளிக்கொடம். மத்தியானம் விட்டா சின்னச் சின்னதுங்களா வெளிய வருமாம், எல்லாம் தொப்பி வெச்ச சட்டை. இவளும் பிலோமினாவும் தெனமும் போயி எதுத்தாப்புல நிப்பாங்களாம். ஒரு பொட்டப் புள்ளை அவங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நின்னிருக்குது. மேல போட்டது நீலக் கலரு, கைப் பக்கம் ஒரு பிசிறு நூலு தொங்கியிருக்குது. இவ கை சும்மா இருக்குமா? நேராப் போயி, குனிஞ்சு, அதை விரல்ல சுத்திப் பட்டுன்னு அத்துட்டா. அந்தம்மா தெகைச்சுப் போயி, அப்புறம் நூலைப் பாத்துட்டுச் சிரிச்சுதாம். அந்தப் புள்ளை இன்னொரு கையையும் நீட்டுச்சாம், அதையும் பாருன்னு. சொல்றப்ப வசந்தாமணி அழுதா. இருபத்தெட்டு வருசம் போதும் போதும்னு ஆன வேலை, அதுக்கு ஏன் அழுகோணும்னு எனக்கு வெளங்கலை.

அது நம்மூருச் சரக்கான்னு கேட்டேன். "பாக்கலைங்க"ன்னா. அதைப் பாக்காம எப்படி வர்றதுங்க? காலரைத் திருப்புனா லேபிள் இருக்குது. அப்புறம், நீங்க வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு சொல்லுவான்னு சித்த நேரம் போனையே பாத்துக்கிட்டு நின்னேன். அவ சொன்னா, "நீங்க வந்திருந்தா பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இழுத்துட்டுப் போயிருப்பீங்க." ஆமான்னேன். நெசந்தானுங்களே. அந்த பஸ்ஸு இருபது நிமிசத்துக்கு ஒண்ணுதான்.

இன்னைக்கு ஞாயித்துக்கெழமையாச்சே, மேக்க போறீங்களேன்னு கேக்கறீங்களா? நல்லாக் கவனிச்சுட்டு வாரீங்க. இந்த பஸ்ஸு மொதல்ல வடக்க அவிநாசிக்குத்தானுங்க போகுது. ஞாயித்துக்கெழமை வடக்க சூலமில்லை. அப்படி நெனைச்சுத்தான் ஏறினேன். ஏறுன பொறவு, அதெல்லாம் என்னமோ போன்னு ஆயிருச்சு. உள்ளதைச் சொல்றேன், இந்தப் பத்து நாளும் எனக்கு நெம்பக் கஷ்டமா இருந்துச்சு தம்பி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போயி நின்னு பாத்தேன். புதுசா ஒருத்தன் விசிலடிக்கறான். வண்டியெல்லாம் அவன் சொன்னதுக்குத்தான் போகுது.

பயமான்னா, இருக்கலாம். இங்க எந்த வண்டி எப்ப வரும்னு எனக்குத் தெரியும். அங்க போனா நான் யாரு? அவளுக்கு முன்னால வழி தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கோணும். அதை இவகிட்டச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

நேத்துப் பேசுனப்ப வசந்தாமணி சொன்னா, "அடுத்த குளுருக்கும் ஒரு பிளான் போட்டு வையுங்க. நீங்க போட்டாத்தான் ரூம் சல்லிசாக் கெடைக்குது." எனக்குச் சந்தோசமாப் போச்சு. நாலு ஊரான்னேன். "ஒரே ஊரு"ன்னா. கட்டம் போடட்டுமான்னேன். "ரூமும் டிக்கெட்டும் மட்டும் பாருங்க. கட்டம் வேண்டாம்"ன்னா. எத்தனை பேருக்குன்னேன். "ரெண்டு பேருக்கு"ன்னா. மூணு பேருன்னா ரூம் வாடகை கொறையுமேன்னேன். "ரெண்டு போதுமுங்க"ன்னுட்டா. அதோட பனியாலயோ என்னமோ, லைன் கட்டாயிருச்சு.

எந்த ரெண்டு பேருன்னு நான் கேக்கலை. போன்ல கேக்கற விசயமா அது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடலை. நேர்ல நின்னு, மொகத்தைப் பாத்துக் கேட்டரோணும்னுதான் காலைல சோறு கூடத் திங்காம வாரேன். பிலோமினா பையன் காருல ஏத்தறதுக்கு முன்னாலயே கேட்டரோணும். பிளைட்டு வாரதுக்கு இன்னும் மூணு மணி நேரம் கெடக்குது.

ரெண்டு பேருன்னா, ஊரு ஒலகத்துல, புருசனும் பொண்டாட்டியும்தானுங்களே தம்பி? வேற யாரைச் சொல்லியிருக்கப் போறா. என்னங்க, நீங்க ஒண்ணுமே சொல்ல மாட்டீங்கறீங்க?